அழகுமலைக்கு வைக்காத பத்திரிகை

ராசா,

போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பலகாரக் கடையில் இன்று காலை கூட்டம் இல்லை. உங்கப்பா மணகோலத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டே, "யாருக்கு அப்படி விழுந்து விழுந்து எழுதுறே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்க பிள்ளைக்குத்தான் என்றேன். "அதை போன்ல சொல்லப்படாதா?" என்கிறார். நீ கேட்டால்தானே சொல்வதற்கு.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. பத்திரிகை வைக்கிற வேலையும் அநேகமாக முடிந்தது. கீழச்சிவல்பட்டி, காளையார்கோவில் என்று சொந்தக்காரர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கியதில் என் முழங்கால்தான் கழன்று போயிருக்கிறது. போன வாரம் நீ பேசும்போது ஒன்று சொன்னாய்: "எல்லாருக்கும் வைங்க, அழகுமலைக்கு மட்டும் வேணாம்மா. அவர் முகத்தைப் பார்க்க என்னால முடியாது." நானும் சரி என்றேன். சரி என்று சொன்னேனே தவிர, கேட்கவில்லை. மறுநாளே தட்டில் வெற்றிலை பாக்கும் சந்தனமும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு அவரிடம் போனேன். கோபப்படாதே. கோபம் வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. அங்கே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ பார்க்காததை எல்லாம் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தைத்தான் நீ போனில் படம் பிடித்தாய். மிச்சத்தைப் பார்த்தவள் கடையில் உட்கார்ந்திருந்த நான்.

நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே நம் கடைக்கு எதிரே, காரைக்குடி பஸ் ஸ்டாண்டு சுவரை ஒட்டி அழகுமலை உட்கார்ந்திருக்கிறார். மடியில் அந்தப் புல்புல்தாரா. ஒரு கை டைப் அடிப்பது மாதிரி பொத்தானை அழுத்தும், இன்னொரு கை கம்பியைத் தட்டும். சினிமாப் பாட்டு, சாமி பாட்டு எல்லாம் பாடுவார்தான். ஆனால் அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது, வேறு யாரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை. யாராவது பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்து விட்டுவிட்டால், பாடிக்கொண்டிருக்கிற பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு அந்த ஆளைப் பார்த்துத் திரும்புவார். "போன பஸ்ஸு போகட்டுந் தாயி, பொறத்தாலயே ஒண்ணு வருது, ஓடுன காலு ஓயட்டுந் தாயி, ஒரு வாய்த் தண்ணி குடி" என்று பாடுவார். ஆம்பளையாக இருந்தால் தாயி போய் அய்யா வரும். கையில் இருக்கிற மூட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, அடுத்த அடிகளை அங்கேயே கட்டுவார். எரிச்சலோடு நிற்கிற ஆள் சிரித்துவிடும். காசு போட்டாலும் போடாவிட்டாலும் பாடுவார். பஸ்ஸை விட்டவனிடம் காசு எதிர்பார்க்கக் கூடாது, அவனே நொந்துபோய் நிற்கிறான் என்பார்.

அன்றைக்கு பஸ்ஸை விட்டது நான். காளையார்கோவிலில் காதுகுத்து, பலகாரத் தூக்கு கையில். கண்முன்னாலேயே பஸ் கிளம்பிவிட்டது. ஓடினேன், செருப்பு அறுந்தது, "நிப்பாட்டுங்கடா! உங்க மடியிலயா வந்து உக்காரப் போறேன்?" என்று கத்தினேன். பெற்ற தாய் ஒற்றைச் செருப்போடு நடுரோட்டில் நிற்கிறாள், பிள்ளையாகிய நீ ஓடிவந்து தூக்கை வாங்குவாய் என்று பார்த்தால், கடை வாசலில் நின்று போனில் படம் பிடிக்கிறாய்! அதற்குள் அழகுமலை ஆரம்பித்துவிட்டார். "செருப்பு அறுந்தாப் போகட்டுந் தாயி, சீடை சிந்தாம வந்தியே" என்று அவர் பாடியதும், வசவை நிறுத்திவிட்டு நானே சிரித்தேன். அதுவும் அதில் பதிவாகியிருந்தது. சாயங்காலம் அதை நீ இணையத்தில் போட்டாய். கெட்ட எண்ணத்திலா போட்டாய்? நல்லா இருந்தது, போட்டாய். இந்த இடத்தை நீ மறந்துவிடுகிறாய், அதனால் எழுதி வைக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். சென்னையிலிருந்து ஒரு மியூசிக் டைரக்டர் ஆள் அனுப்பி அவரைக் கூட்டிப்போனார். பாட்டுக்கு மேளம் சேர்த்து, ஆட்டம் சேர்த்து வெளியிட்டார்கள். தொடக்கத்தில் என் வசவையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள், அது வேறு. அந்தப் பாட்டைப் போடாத கல்யாண மண்டபம் இல்லை, ஆட்டோ இல்லை, திருவிழா மைக்செட் இல்லை. பஸ் ஸ்டாண்டு அழகு என்று அவருக்குப் பெயரே மாறிப்போனது. டிவியில் வந்தார். சிங்கப்பூர் மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு, கோட்டு விறைப்பாக நிற்க அவர் மட்டும் உள்ளே கூச்சத்தோடு நின்று பாடினார். நம் வியாபாரிகள் சங்கம் ஆளுயர பேனர் வைத்தது. அவர் ஊருக்கு வந்தபோது விழா எடுத்துப் பட்டுச் சால்வை ஒன்றைப் பொன்னாடையாகப் போர்த்தினோம். கைதட்டி எனக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது.

எனக்கும் கொஞ்சம் புகழ் ஒட்டிக்கொண்டது, உனக்கு ஞாபகம் இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் சீப்புச்சீடை வாங்கினார்களோ இல்லையோ, என்னோடு செல்பி எடுத்தார்கள். "அந்த மடியிலயாவைச் சொல்லுங்க ஆச்சி" என்பார்கள், நானும் வெட்கமே இல்லாமல் சொல்வேன். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் பவுடர் போட்டேன். உங்கப்பா, "என்ன, ஷூட்டிங் கெளம்பியாச்சா?" என்று கேலி பண்ணுவார். பிறகு ஒருநாள் யாரும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. வந்தவர்கள் முறுக்கை வாங்கிக்கொண்டு முறுக்கு மாதிரியே என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். உன்னிடம் சொல்லாமல் என்ன, சுருக்கென்றுதான் இருந்தது. முறுக்கு விற்கிறவளுக்கே அப்படி இருந்தால், மேடை ஏறிப் பாடிய மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு இரண்டாவது பாட்டு ஓடவில்லை. வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைக் கண்ணாடி அறைக்குள் நின்று பாட வைத்தார்கள். எதிரில் பஸ்ஸை விட்ட ஆள் யாரும் இல்லாமல் அவர் யாரைப் பார்த்துப் பாடுவார்? மூன்றாவதும் போய்விட்டது. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள், அப்புறம் கூப்பிடவே இல்லை. நீ பெங்களூர் போன பிறகு ஒரு காலைநேரம் பார்த்தால் திருச்சி பஸ்ஸிலிருந்து தோளில் புல்புல்தாராவோடு இறங்கி, நேரே சுவரோரம் வந்து, துண்டால் இடத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

அங்கேதான் நம் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் பண்ணினோம். வேறு ஊராக இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். நாம் மரியாதை கொடுத்தோம்! அவர் முன்னால் ஒரு பயல் சில்லறை போடவில்லை. "அவருக்குப் போயி காசு போடுறதா? டிவியில வந்த ஆளு!" என்று கையைப் பையிலிருந்து எடுத்துக் கும்பிடு போட்டார்கள். டீக்கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஜவுளிக்கடைக்காரர் தன் கடைத் திறப்பு விழாவுக்கு அழைத்துப்போய் இன்னொரு சால்வை போர்த்தினார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒன்று, தமிழ் மன்றத்தில் ஒன்று. முன்பெல்லாம் போகிற வருகிற போது கையில் இருப்பதைப் போடுகிற நானும், தட்டில் அதிரசம் வைத்துப் பவ்யமாக நீட்டினேன். மனிதரிடம் சால்வை சேர்ந்துகொண்டே போனது, அரிசி வாங்க வழியில்லை. பாடுகிறார், எல்லாரும் மரியாதையாகக் கேட்கிறார்கள், கைதட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஊரே சேர்ந்து மரியாதை பண்ணி ஒரு மனிதரைப் பட்டினி போட்டோம். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அவரும் யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. ஒருநாள் காலையில் கடை திறக்கும்போது பார்க்கிறேன், சங்கம் போர்த்திய பட்டுச் சால்வையை எடுத்து மண்ணில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, தன் பையிலிருந்தே ஒரு நாணயத்தை எடுத்து நடுவில் போட்டுவிட்டு சுதி சேர்க்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த துடைப்பத்தோடு ரோட்டைத் தாண்டிப் போனேன். "ஊரே கூடிப் போத்துனதை மண்ணுல விரிச்சிட்டீகளே! எங்களுக்கு இது அவமானமில்லையா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"மேல போத்துனா வேர்க்குதுக்கா," என்றார். "கீழ விரிச்சா சோறு போடுது."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். திரும்பிப் போய்க் கல்லாவைத் திறந்து கையில் வந்ததை எடுத்துவந்து அந்தச் சால்வையில் போட்டேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் வந்து போட்டார். சாயங்காலத்துக்குள் பட்டின் சரிகை தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், பொன்னாடை போர்த்திய அன்று வரவில்லை. அந்தச் சால்வையை இன்றைக்கும் விரிக்கிறார், வெயிலில் வெளுத்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து நானே கேட்டேன், "சென்னையில ஏமாத்திட்டாகளா?" என்று. அப்படி ஒரு கதை அவர் வாயிலிருந்து வரும் என்று நினைத்தேன், திட்டுவதற்கும் தயாராக இருந்தேன். அவர், "யாரும் ஏமாத்தலக்கா. ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாக, போனேன், நல்லாச் சாப்பிட்டேன். கல்யாணம் முடிஞ்சா வீட்டுக்குக் கெளம்ப வேணாமா? அங்கயே உக்காந்திருந்தா பந்தல்காரன் நம்மளையும் சேத்துச் சுருட்டி வண்டியில ஏத்திருவான்" என்றார். ஏரோப்பிளேனில் ஜன்னலோரம் உட்கார்ந்ததை, மேகத்தை மேலிருந்து பார்த்ததை அப்படி ரசித்துச் சொல்வார். கிடைத்ததை இப்படி முழுசாக அனுபவித்துவிட்டு, போனதைப் பற்றி முனகாத மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை, ராசா. எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. பவுடர் டப்பாவை உள்ளே வைக்கவே எனக்கு மனசு வரவில்லையே.

அந்தப் பாட்டை மட்டும் கேட்டவுடனே பாடமாட்டார். காலேஜ் பிள்ளைகள் வந்து சுற்றி நின்று, "அண்ணே, போன பஸ்ஸு போடுங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். "யாராச்சும் பஸ்ஸை விட்டாத்தான் தம்பி அது வரும்" என்பார். அந்தப் பயல்கள் லேசுப்பட்டவர்களா? ஒருத்தன் வேண்டுமென்றே கிளம்புகிற பஸ்ஸின் பின்னால் ஓடி, விட்டுவிட்ட மாதிரி தலையில் கை வைத்து நிற்பான். இவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "உனக்கு வேர்க்கவே இல்லையேப்பா" என்று சாமி பாட்டை ஆரம்பித்துவிடுவார். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸை விட்ட ஒரு பெண்ணுக்கு, சென்ற மாதம் உச்சிவெயிலில் அத்தனை அடியும் பாடினார். அவளுக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. "நல்லாப் பாடுறீகளே, நீங்க சினிமாவுல முயற்சி பண்ணலாம்ல?" என்று கேட்டாள். "பண்ணுவோம் தாயி" என்றார். நான் கடைக்குள் நின்று சிரித்ததில் புரை ஏறிவிட்டது.

இவ்வளவையும் நீ பார்க்கவில்லை. நீ பார்த்தது வேறு. எவனோ ஒருத்தன் அவர் சால்வை விரித்து உட்கார்ந்திருப்பதைப் படம் பிடித்து, சோக வயலினைப் பின்னால் ஓடவிட்டு, அன்று மேடையில், இன்று தெருவில் என்று போட்டான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கண்டவர்களும், முதலில் இவரை வெளியே இழுத்துவிட்டவன் எவனோ அவன்தான் பாவி என்று எழுதினார்கள். நீ அன்றைக்குப் போனில் அழுதாய். "சும்மா இருந்த மனுசனை நான்தாம்மா கெடுத்துட்டேன்" என்றாய். நான் சமாதானம் சொன்னேன், உனக்கு ஏறவில்லை. அதிலிருந்து ஊருக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தியே இறங்கி, ஆட்டோவைப் பின்தெருவுக்குத் திருப்பச் சொல்லி வீட்டுக்கு வருகிறாய். அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைத்தாய்?

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான்தான் கெடுத்தேன் என்று நீ குமைவதில் கொஞ்சம் கர்வமும் இருக்கிறது. அவரை ஆக்கியவனும் நீ இல்லை, அழித்தவனும் நீ இல்லை. நீ படம் எடுப்பதற்கு முன்பும் பாடினார், இப்போதும் பாடுகிறார். நீ அழுதது அந்த வயலினுக்காக, அவருக்காக இல்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று ஒருநாள் நேரில் வந்து கேட்டிருந்தால் பாதிப் பாரம் அங்கேயே இறங்கியிருக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீடுகளுக்கு முன்தெருவில் ஒரு வாசல், பின்தெருவில் ஒரு வாசல். சங்கடம் வந்தால் பின்னால் நழுவிவிடலாம். நீ பெங்களூரில் பார்த்திருக்கிற ஃபிளாட்டுக்கு ஒரே வாசல்தான். வரப்போகிற பெண்ணிடம் மனஸ்தாபம் வந்தால் அவள் முகத்தைப் பார்த்துத்தான் நீ பேசியாக வேண்டும். அதை இங்கேயே பழகிக்கொண்டு போ.

சரி, தட்டோடு போன கதைக்கு வருகிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். தட்டை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"தம்பிக்குத் தெரியுமாக்கா, எனக்குப் பத்திரிகை வைக்கிறது?"

"தெரியாம என்ன? அவன்தான் வைக்கச் சொன்னான்" என்றேன்.

"உங்களுக்குத் திட்டத்தான் வருது, பொய் சொல்ல வரலையே" என்று சிரித்தார். அப்புறம், "நான் ஒண்ணு கேக்கலாமா? தம்பிக்கு எம்மேல வருத்தமா?" என்றார்.

உங்க மேல எதுக்கு வருத்தம் என்றேன். "ஆசையா ஏத்தி விட்டாக. எனக்கு அங்க தங்கத் தெரியல. எறங்கி வந்து பழைய எடத்துலயே உக்காந்துட்டேன். இதுக்கா இவ்வளவு செஞ்சோம்னு அவுகளுக்கு இருக்கும்ல? அதான் இந்தப் பக்கமே வர்றதில்ல போல" என்றார்.

ராசா, உனக்கு ஒன்று தெரியாது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாது, அவருக்கு நாலு காசு சேருகிற நாட்களே அவைதான். அந்த நாட்களில்தான் சுவரோரம் காலியாகக் கிடக்கும். தன் தங்கச்சி ஊருக்குப் போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். பண்டிகை நெருங்கினால் கடைப்பக்கம் வந்து, "தம்பி வர்றாகளாக்கா?" என்று தவறாமல் கேட்பார். பிரியத்தில் கேட்கிறார் என்று நானும் வருகிற நாளைச் சொல்லிவிடுவேன். தட்டோடு போன அன்றைக்குத்தான் சொன்னார், அவர் எங்கேயும் போகவில்லையாம். நீ வருகிற நாளில் வீட்டிலேயே இருந்துவிடுவாராம். "நல்ல நாளும் அதுவுமா என்னைப் பாத்து அவுக முகம் வாடணுமா? அதான்க்கா" என்றார். நீ அவருக்குப் பயந்து பின்தெருவில் வந்த அன்றெல்லாம், உனக்காக அவர் தன் இடத்திலேயே இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு காலிச் சுவரைச் சுற்றி நடந்திருக்கிறீர்கள். நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

நீட்டிய தட்டு அப்படியே திரும்பினால் நம் பக்கம் எவ்வளவு பெரிய குறை என்று அவருக்குத் தெரியும். தட்டில் இருந்த சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் பூசிக்கொண்டார். "இது உங்களுக்காகக்கா. வெத்தலை பாக்கைத் தம்பி வைக்கட்டும், ஓடி வந்து வாங்கிக்கிறேன். அவுக மனசுல இல்லாம நான் பந்தியில உக்காந்தா சோறு எறங்காது" என்றார். நீ ஊருக்கு வருகிற நாளைச் சொன்னேன். அன்றைக்கு வீட்டில் ஒளிந்துகொண்டால் துடைப்பத்தோடு வருவேன் என்றும் சொன்னேன். "இருக்கேன்க்கா. தம்பி எந்தப் பக்கமா வர்றாகன்னு பாப்போம்" என்றார்.

பத்திரிகை நம் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உறையில் பெயர் எழுதவில்லை. புது வெற்றிலையும் வாங்கி வைக்கவில்லை, வாடிவிடும். இரண்டும் உன் வேலை.

அம்மா